பாரிஸ்டர் கோட்டையிலே ஒரு சொலிசிட்டர்

2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆங்காங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்நகரத்தின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த ஆங்கில நீதிபதிகள் இருவர், ஒரே நேரத்தில் பதவியைத் துறந்தார்கள். ஒருவர் ஜொனாதன் சம்ப்ஷன். மற்றவர் லாரன்ஸ் காலின்ஸ். சம்ப்ஷன், வெளியே வந்த கையோடு பத்திரிகையிலே நீண்ட கட்டுரை எழுதினார். ஆங்காங்கிலே சட்டத்தின் ஆட்சி சீர்கெட்டுவிட்டது என்று பறைசாற்றினார். காலின்ஸ் அப்படிச் செய்யவில்லை. அரசியல் நிலைமை காரணமாக விலகுகிறேன், நீதிமன்றத்தின் மீதும் அதன் நீதிபதிகளின் சுதந்திரத்தின் மீதும் எனக்கு முழு நம்பிக்கை உண்டு – இரண்டு வரி, அவ்வளவுதான்!

ஒரே வாசல் வழியாக வெளியேறிய இருவர். ஒருவர் கதவை ஓங்கி அறைந்தார், மற்றவர் மெல்லச் சாத்திவிட்டுப் போனார். பத்திரிகைகள் எல்லாம் ஓங்கி அறைந்தவரையே பேசின. நாம் மெல்லச் சாத்தியவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர் அந்த மேடைக்கு எப்படி ஏறினார் என்ற கதை, நீதிமன்றம் என்பது யாரால், யாருக்காக, எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பாட்டாளித் தோழர்களுக்குப் பாடம் போலச் சொல்லிக் காட்டுகிறது.

காலின்ஸ் ஒரு சொலிசிட்டர். 'அதனால் என்ன? சொலிசிட்டரும் வக்கீல்தானே! வக்கீல் நீதிபதியாவது உலக வழக்கம்தானே!' என்று தோழர்கள் கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் சீமையிலே அது அப்படியல்ல.

அங்கே வக்கீல்களுக்குள் இரண்டு வருணம் உண்டு. நாம் வேண்டுமென்றே அந்தச் சொல்லைப் போடுகிறோம். மேலே பாரிஸ்டர், கீழே சொலிசிட்டர். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்று லண்டனிலே நான்கு சத்திரங்கள் – பல நூற்றாண்டுப் பழமை உடையவை. அவற்றில் ஒன்றிலே சேர்ந்து, குறித்த எண்ணிக்கையில் விருந்துண்டு, தேர்வு எழுதி, 'அழைக்கப்பட்டவர்' பாரிஸ்டர். காந்தியார் இன்னர் டெம்பிளிலே இப்படித்தான் 1891 இல் பாரிஸ்டரானார். பொய்முடி தரிக்கும் உரிமை பாரிஸ்டருக்கு. பெரிய கோர்ட்டிலே எழுந்து நின்று பேசும் உரிமை பாரிஸ்டருக்கு. அங்கியைக் கழற்றி நீதிபதியின் சிவப்பு அங்கியை மாட்டிக்கொள்ளும் உரிமையும் பாரிஸ்டருக்கே.

சொலிசிட்டர் என்பவர் யார்? தெருவிலே பலகை மாட்டி, கதவைத் திறந்து வைத்து, கட்சிக்காரரை உட்காரவைத்து, அவர் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டு, காகிதங்களைச் சேர்த்து, சாட்சிகளைத் தேடி அலைந்து, வழக்கை அடி முதல் முடி வரை கட்டுபவர். (கட்சிக்காரர் என்றவுடன் நம் கழகத் தோழர் நிமிர்ந்து உட்கார வேண்டாம், வழக்கிலே வாதி, பிரதிவாதியைச் சொல்கிறோம்!) கட்டி முடித்ததும் அதை நாடாவால் கட்டிப் பாரிஸ்டரின் கையிலே கொடுப்பார். பாரிஸ்டர் எழுந்து பேசுவார். சொலிசிட்டர் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதி நீட்டுவார். கொத்தனார் சுவர் எழுப்ப, திறப்பு விழாவிலே ரிப்பன் வெட்டுகிறவர் பெயர் மட்டும் கல்லிலே பொறிக்கப்படுகிறது அல்லவா, அதைப் போல.

சிறிய மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலே சொலிசிட்டர் பேசலாம். ஐகோர்ட்டிலே, அப்பீல் கோர்ட்டிலே, பிரபுக்கள் சபையிலே வாயைத் திறக்கக் கூடாது. வழக்கின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவன் ஊமை. நேற்று மாலை கட்டைப் பிரித்துப் படித்தவன் பேச்சாளி!

நம் தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதன் வேடிக்கை சட்டென்று விளங்கும். 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலே 36 ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழிலாளிக்காக அவன் சங்கத்தின் நிர்வாகியே தொழிலாளர் நீதிமன்றத்திலே எழுந்து பேசலாம். வக்கீல் வர வேண்டுமானால் எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும், நீதிமன்றமும் அனுமதிக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. ஆலை வாசலிலே நின்றவனுக்குத்தான் ஆலைக்குள் நடந்தது தெரியும் என்ற எண்ணம் அதிலே இருந்தது. பட்டம் பெறாத சங்கச் செயலாளர்கள் எத்தனையோ பேர், பெரிய முதலாளியின் பெரிய வக்கீலைத் திணறடித்ததை நாம் நேரிலே பார்த்திருக்கிறோம். வழக்கைக் கட்டியவன் பேசினால் நீதி கெட்டுவிடும் என்பது எந்த ஊர் நியாயம்?

ஆனால் சீமையிலே அந்த நியாயம் நெடுங்காலம் செல்லுபடியாயிற்று. 'வாதாடிப் பழகியவனுக்கே தீர்ப்புச் சொல்ல வரும்' என்றார்கள். இது வெறும் பேச்சல்ல. சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஐகோர்ட்டு நீதிபதியாகப் பத்தாண்டு அனுபவமுள்ள பாரிஸ்டராக இருக்க வேண்டும் என்றது சட்டம். இங்கிலாந்திலும் வேல்சிலும் இன்று தொழில் புரியும் சொலிசிட்டர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பாரிஸ்டர்கள் ஏறத்தாழப் பதினேழாயிரம் சொச்சம். பெரும்பான்மையை வாசலிலே நிறுத்திவிட்டுச் சிறுபான்மைக்குள்ளே மட்டும் சிறந்தவர்களைத் தேடினார்கள். தேடியது கிடைத்தது என்று தங்களைத் தாங்களே பாராட்டியும் கொண்டார்கள்!

சுவர் ஒரே நாளில் விழவில்லை. 1971 இல் ஒரு சட்டம் கீழ்ப்படியிலே சிறு சந்து விட்டது: சொலிசிட்டர் பகுதி நேர நீதிபதியாகலாம், அங்கிருந்து வட்டார நீதிபதியாகலாம். 1990 இல் வந்த நீதிமன்ற, சட்டப் பணிச் சட்டம் பெரிய சந்தைத் திறந்தது. மேல் கோர்ட்டுகளில் பேச ஏற்பாடு செய்தது. ஐகோர்ட்டு நீதிபதியாகவும் வழி விட்டது. 1993 இல் மான்செஸ்டரிலே சொலிசிட்டராகத் தொழில் புரிந்து, வட்டார நீதிபதியாகக் கிட்டத்தட்டப் பத்தாண்டு உழைத்த மைக்கேல் சாக்ஸ், ஐகோர்ட்டு நீதிபதியானார். அந்த வரிசையிலே முதல்வர் அவர். மேல் கோர்ட்டிலே பேசும் உரிமை பெற்ற முதல் சொலிசிட்டர்கள் 1994 இல் தோன்றினார்கள். பேசலாம் என்றார்களே தவிரப் பொய்முடி தரிக்க விட்டார்களா? இல்லை! அதற்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினான்கு ஆண்டுகள், ஒரே கோர்ட்டிலே, ஒரே வழக்கிலே, முடியுள்ள வக்கீலும் முடியில்லா வக்கீலும் எதிர் எதிரே நின்றார்கள். தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை வைத்த ஊர்களை அறிந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காலத்திலேதான் நம் காலின்ஸ் வருகிறார்.

1941 இல் பிறந்தவர். சிட்டி ஆப் லண்டன் பள்ளி, கேம்பிரிட்ஜிலே டவுனிங் கல்லூரி, பிறகு அமெரிக்காவிலே கொலம்பியா. 1968 இல் சொலிசிட்டர். 1971 இல் ஹெர்பர்ட் ஸ்மித் என்ற பெரிய லண்டன் நிறுவனத்திலே பங்காளி. அங்கே ஏறத்தாழ முப்பது ஆண்டு. அவருடைய துறை, நாடு விட்டு நாடு பாயும் வழக்குகளுக்கு எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று ஆராய்வது. சிக்கலான துறைதான், ஆனால் நமக்குப் புரியாத துறை அல்ல. திருநெல்வேலிக்காரர் சிங்கப்பூரிலே கடை வைத்து, மலேயாவிலே தோட்டம் வாங்கி, இலங்கையிலே பெண் கட்டி, சென்னையிலே கண் மூடினால், சொத்து எந்தச் சட்டப்படி பிரியும்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் ஆங்கிலச் சட்ட உலகம் புரட்டிப் பார்க்கும் பெரிய நூல் ஒன்று உண்டு. டைசி, மோரிஸ் பெயரால் வழங்குவது. 1987 பதிப்பு முதல் அதற்குத் தலைமைப் பதிப்பாசிரியர் காலின்ஸ். நீதிபதிகள் மேடையிலே திறந்து வைத்துத் தீர்ப்புக்கு ஆதாரம் தேடுகிற புத்தகத்தைத் தொகுத்தவர், நீதிபதியின் முன்னே நின்று பேசத் தகுதியற்றவராக இருந்தார்! புத்தகம் மேடை ஏறலாம், புத்தகக்காரன் ஏறக் கூடாது.

1997 இல் அவருக்கு ராணியின் வக்கீல் என்ற பட்டம் கிடைத்தது. தொழில் புரியும் சொலிசிட்டர்களிலே அந்தப் பட்டத்தை முதன்முதலாகப் பெற்ற இருவரில் ஒருவர். பட்டு அங்கி போட்ட பிறகு அவர் நின்ற பெரிய வழக்கு ஒன்றை நாம் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் இது வாழ்த்து மடல் ஆகிவிடும்.

அது பினோச்செட்டு வழக்கு. 1973 செப்டம்பர் 11 ஆம் நாள் சிலி நாட்டிலே, மக்கள் வாக்களித்துத் தேர்ந்த அய்யெந்தே ஆட்சியைப் பீரங்கியாலும் விமானத்தாலும் தகர்த்த தளபதி பினோச்செட்டு. தொழிற்சங்கத் தலைவர்களை, மாணவர்களை, கவிஞர்களைச் சிறையிலும் கால்பந்து மைதானத்திலும் அடைத்து வதைத்த ஆட்சி அது. 1998 அக்டோபரில் அவன் சிகிச்சைக்காக லண்டன் வந்த இடத்திலே, ஸ்பெயின் நாட்டு நீதிபதியின் வாரண்டின் பேரில் கைது செய்யப்பட்டான். முன்னாள் நாட்டுத் தலைவனை அயல்நாட்டிலே சித்திரவதைக் குற்றத்துக்காக நிறுத்தலாமா என்ற கேள்வி பிரபுக்கள் சபைக்குப் போயிற்று. 1998 நவம்பரில் மூவருக்கு இருவர் என்ற கணக்கிலே 'நிறுத்தலாம்' என்று தீர்ப்பு. அந்த மூவரில் ஒருவருக்கு, வழக்கிலே தலையிட்ட மனித உரிமை இயக்கத்தோடு தொடர்பு உண்டு என்று தெரிந்ததும் அந்தத் தீர்ப்பையே சபை ரத்துச் செய்தது. மறுபடியும் விசாரணை. அந்த மறு விசாரணையிலே சிலி சர்க்காரின் சார்பில் எழுந்து பேசியவர் டாக்டர் காலின்ஸ்.

அவர் வாதம் இது: விலக்குரிமை என்பது அந்தத் தனி மனிதனுடைய சொத்தல்ல, சிலி நாட்டினுடையது, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையிலே அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு சொல்லும் இல்லை. கூரிய வாதம். பிரபு காப் ஒருவர் அதனை ஏற்றார். மற்ற அறுவர் ஏற்கவில்லை. 1999 மார்ச் 24 ஆம் நாள் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கிலே காலின்ஸ் தரப்பு தோற்றது. தோற்றது நல்லதற்கே என்பது நம் கருத்து. அன்று சிலியிலே இருந்தது மக்கள் தேர்ந்த சர்க்கார், பினோச்செட்டின் சர்க்கார் அல்ல என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறோம். வக்கீல் கட்சிக்காரருக்காகப் பேசுகிறார், தன் மனத்துக்காக அல்ல என்பார்கள். சரி. ஆனால் எந்தக் கட்சிக்காரர் எந்த வக்கீலின் வாசலுக்கு வருகிறார் என்பதிலே ஒரு கணக்கு இருக்கிறது. சான்டியாகோ மைதானத்திலே கணவனைப் பறிகொடுத்த பெண்ணால் ஹெர்பர்ட் ஸ்மித் படியேறியிருக்க முடியுமா?

2000 ஆம் ஆண்டில் காலின்ஸ் ஐகோர்ட்டு நீதிபதியானார். தனித் தொழிலிலிருந்து நேராக ஐகோர்ட்டு மேடைக்குப் போன முதல் சொலிசிட்டர் இவரே. 2007 இல் அப்பீல் கோர்ட்டு. 2009 ஏப்ரலில் பிரபுக்கள் சபையின் சட்டப் பிரபு. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், சட்டப் பிரபுக்கள் சபையை விட்டு வெளியேறி, பார்லிமெண்டுச் சதுக்கத்தின் மறுபுறத்திலே சுப்ரீம் கோர்ட்டு என்று தனிப் பலகை மாட்டியபோது, அதன் முதல் நீதிபதிகளில் ஒருவர். இத்தனை உயரம் அதற்கு முன் எந்தச் சொலிசிட்டரும் ஏறியதில்லை; 2024 முடியும் வரை பார்த்தால், அவருக்குப் பின்னும் அந்த உச்சப்படியிலே வேறொரு சொலிசிட்டர் ஏறவில்லை.

இங்கே சம்ப்ஷனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஆங்காங்கிலே காலின்சோடு விலகிய அதே சம்ப்ஷன், 2012 இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு எப்படிப் போனார்? ஐகோர்ட்டிலே முழு நேர நீதிபதியாக அமரவில்லை. அப்பீல் கோர்ட்டிலே அமரவில்லை. பாரிஸ்டராக இருந்தபடியே நேராக உச்சிக்குப் போனார்! அறிவாளிதான், மறுக்கவில்லை. ஆனால் சொலிசிட்டர் படிப்படியாக ஏறித் தன்னை மெய்ப்பித்துக்கொண்டே போக வேண்டும். பாரிஸ்டருக்கு லிப்டு வருகிறது.

இன்னொரு கணக்கு. 1995 மார்ச்சுக்குப் பிறகு நீதிபதியானவர்களுக்கு அப்போது ஓய்வு வயது எழுபது. அதற்கு முன்பே மேடை ஏறியவர்களுக்கு எழுபத்தைந்து. பாரிஸ்டர் கூட்டம் முன்னமே ஏறிவிட்டது. கதவு தாமதமாகத் திறந்ததால் தாமதமாக நுழைந்த காலின்ஸ், 2011 மே மாதம் எழுபது வயதிலே இறங்க வேண்டியவரானார். உச்ச மேடையிலே இரண்டே ஆண்டு! அவரோடு அமர்ந்திருந்த பிரபு ஹோப், அவரைவிட மூத்தவர், 2013 வரை இருந்தார். சொலிசிட்டர்களைக் குறிவைத்து அந்தச் சட்டம் செய்யப்பட்டதல்ல. குறி வைக்காமலே அடிபடுகிறது பாருங்கள், பிந்தி வருகிறவனுக்கு எப்போதும் அப்படித்தான்.

அந்த இரண்டு ஆண்டுகளிலே என்ன செய்தார்? இரண்டு வழக்கை மட்டும் சொல்கிறோம்.

சவுதி நாட்டு நிறுவனமான தல்லா, மெக்காவிலே பாகிஸ்தான் ஹஜ் பயணிகளுக்குத் தங்குமிடம் கட்டித் தர 1996 இல் ஒப்பந்தம் செய்தது. கையெழுத்திட்டது பாகிஸ்தான் சர்க்கார் அல்ல. சர்க்கார் அவசரச் சட்டத்தின் மூலம் உண்டாக்கிய ஒரு டிரஸ்டு. ஆட்சி மாறியது, அவசரச் சட்டம் காலாவதியானது, டிரஸ்டும் மறைந்தது. பாரிசிலே நடுவர்கள் உட்கார்ந்து, டிரஸ்டு இல்லாவிட்டால் என்ன, சர்க்காரே கொடுக்கட்டும் என்று இரண்டு கோடி டாலருக்கு மேல் தீர்ப்பெழுதினார்கள். அந்தத் தீர்ப்போடு லண்டன் வந்தார்கள். 2010 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்தது: கையெழுத்துப் போடாதவனைக் கூண்டிலே ஏற்ற முடியாது. பிரபு மான்சும் காலின்சும் விரிவாக எழுதினார்கள். பொருந்த வேண்டியது பிரெஞ்சுச் சட்டம் என்று கொண்டு, அதை அலசி அலசி எழுதினார்கள். மூன்றே மாதம் கழித்து, 2011 பிப்ரவரியிலே பாரிஸ் அப்பீல் கோர்ட்டு, அதே பிரெஞ்சுச் சட்டத்தைப் பார்த்து, நேர் எதிராகச் சொன்னது! சட்டம் ஒன்று, வழக்கு ஒன்று, தேம்ஸ் கரையிலே ஒரு நீதி, சீன் கரையிலே வேறு நீதி. மேதைகள் எழுதினாலும் தீர்ப்பு மனிதர் எழுதுவதே என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

மற்றது நம் தோழர்களுக்கு நெருக்கமானது. லிவர்பூலிலே மோட்டார் சைக்கிளில் நின்றுகொண்டிருந்த ஒருவரைக் குடித்துவிட்டு வந்தவன் காரால் மோதினான். அடிபட்டவர் நஷ்ட ஈடு கேட்டார். அவருக்காக அமர்த்தப்பட்ட மனநல நிபுணர், எதிர்த்தரப்பு நிபுணரோடு சேர்ந்து தயாரான அறிக்கையிலே, அடிபட்டவருக்குப் பாதகமான வாசகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வந்த தொகை சுருங்கியது. நிபுணர் மீது அவர் வழக்குப் போட்டார். 'சாட்சி சொல்லும் நிபுணர் மீது வழக்குத் தொடர முடியாது' என்றது பல நூற்றாண்டுப் பழைய விதி. 2011 மார்ச்சிலே சுப்ரீம் கோர்ட்டு, ஐவருக்கு இருவர் என்ற கணக்கிலே அந்த விதியை உடைத்தது. ஐவரில் ஒருவர் காலின்ஸ். ஆலையிலே கை போனவன், டாக்டரின் சான்றிதழை நம்பியே நஷ்ட ஈட்டுக்குப் போகிறான். சான்றிதழ் எழுதுகிறவருக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்பது அவனுக்குப் புத்தகக் கேள்வி அல்ல, சோற்றுக் கேள்வி. நிபுணருக்குக் கட்டணம் பேசி, அறிக்கையைக் கையிலே வாங்கிப் புரட்டிப் பார்க்கும் வேலை சொலிசிட்டருடையது. அந்த வேலை நடக்கும் அறைகளிலே முப்பது ஆண்டு இருந்தவர் அந்த மேடையிலே இருந்தது வீண் போகவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆக, வாதாடிப் பிழைக்காதவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வராது என்ற பழைய பாட்டு பொய்யாயிற்று. சந்தோஷம். ஆனால் இங்கே நின்றுவிடலாகாது. கதவு திறந்தது, உள்ளே போனது எந்தச் சொலிசிட்டர்?

கட்டணப் பள்ளி, கேம்பிரிட்ஜு, லண்டன் நகரத்துப் பெரிய நிறுவனம். பாரிஸ்டருக்கும் அவருக்கும் இடையே இருந்தது தொழில் சுவர். வீட்டுச் சுவர் பொதுச் சுவர்தான்! 2019 இல் சட்டன் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, மூத்த நீதிபதிகளில் நூற்றுக்கு 65 பேர் தனியார் கட்டணப் பள்ளியிலே படித்தவர்கள் என்று காட்டியது. நாட்டு மக்களிலே அத்தகைய பள்ளியிலே படித்தவர் நூற்றுக்கு 7 பேரே. பாரிஸ்டரோ, சொலிசிட்டரோ, அந்த 7 பேரின் வீட்டிலிருந்து வந்தால் மேடை அவ்வளவு தொலைவல்ல.

வேறு வகைச் சொலிசிட்டரும் உண்டு. ஹென்றி ஹாட்ஜ் என்று ஒருவர் இருந்தார். குழந்தைகளின் வறுமையை எதிர்த்துப் போராடிய இயக்கத்திலே சொலிசிட்டராக உழைத்தவர். 1977 இல் லண்டன் காம்டனிலே தோழர்களோடு சேர்ந்து ஒரு வக்கீல் நிறுவனம் தொடங்கினார். அங்கே வந்தவர்கள் கப்பல் கம்பெனிகள் அல்ல. வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள், போலீசிலே அடிபட்டவர்கள், உதவித்தொகை மறுக்கப்பட்டவர்கள். 1949 இல் அட்லி சர்க்கார் கொண்டுவந்த இலவச சட்ட உதவித் திட்டம்தான் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு அரிசியும் பருப்பும். அந்த ஹாட்ஜ் 2004 இல் ஐகோர்ட்டு நீதிபதியானார். காலின்சின் பெயர் சட்ட நூல்களிலே எத்தனையோ இடத்திலே வரும். ஹாட்ஜின் பெயர் அவ்வளவு வராது. 2009 இல் காலமாகிவிட்டார். நம்மைக் கேட்டால், இரண்டில் பெரிய அதிசயம் ஹாட்ஜ் ஏறியதே.

அந்த வழி இன்று அகலமாகிறதா என்றால், குறுகியது. 2012 இல் கன்சர்வேடிவ் தலைமையிலான கூட்டணி சர்க்கார் சட்டம் செய்து, 2013 ஏப்ரல் முதல் வீட்டு வழக்கு, குடும்ப வழக்கு, உதவித்தொகை வழக்கு ஆகியவற்றிலே பெரும்பகுதியைச் சட்ட உதவியிலிருந்து வெட்டியது. ஏழையின் சொலிசிட்டர் பலகையைக் கழற்றினால், ஏழையை அறிந்த நீதிபதி நாளை எங்கிருந்து வருவார்? பாரிஸ்டர் கோட்டையிலே சந்து விட்டார்கள். அந்தச் சந்துக்கு வரும் ஏழைத் தெருவை அடைத்தார்கள்.

நம் ஊருக்கும் இதற்கும் உறவு உண்டு. சென்னை ஐகோர்ட்டு அந்த ஆங்கில மரத்திலே முளைத்த கிளை. 1861 ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதிகளிலே மூன்றில் ஒரு பங்கு, தலைமை நீதிபதி உட்பட, பாரிஸ்டர்களாக இருக்க வேண்டும் என்று விதித்தது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சிவில் சர்வீசு துரைகளுக்கு. மிஞ்சியதிலேதான் நம் நாட்டு வக்கீல் எட்டிப் பார்க்கலாம். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலே கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்திலே தொடங்கிய முத்துசாமி அய்யர், 1877 இல் முதல் இந்திய நீதிபதியாக அங்கே அமர்ந்தபோது வெள்ளைக்காரப் பத்திரிகைகள் சீறின. அந்தச் சீற்றத்துக்குப் பதில் சொல்லத்தான் 1878 இல் 'இந்து' பத்திரிகை பிறந்தது. 1893 இல் அவர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தார். வறுமையைத் தாண்டினார், வெள்ளையர் தடையைத் தாண்டினார். சாதித் தடை அவருக்கு இல்லை. அந்தத் தடை இருந்தவர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள்? 1862 இல் தோன்றிய சென்னை ஐகோர்ட்டிலே, தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதல் நீதிபதியாக ஏ. வரதராசன் அமர்ந்தது 1973 இல். நூற்றுப் பதினோரு ஆண்டு! 1980 இல் அவரே டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்கும் அந்த வகுப்பிலிருந்து முதல்வராகப் போனார். வக்கீல்களுக்குள் இருந்த மேல் கீழ் வேற்றுமையை 1961 ஆம் ஆண்டின் வக்கீல் சட்டத்தால் நாம் நீக்கத் தொடங்கினோம், சீமைக்கு முன்பாகவே. பிறப்பின் மேல் கீழ் அப்படி ஒரு சட்டத்தோடு தீரவில்லை. 'தகுதி, தகுதி' என்று அன்று லண்டனிலே சொலிசிட்டரைத் தடுத்த அதே சொல், இன்றும் இங்கே வேறு சிலரைத் தடுக்கிறது.

இனி ஆங்காங்கு. 1997 இல் பிரிட்டன் அந்நகரைச் சீனத்திடம் ஒப்படைத்தபோது, அடிப்படைச் சட்டத்தின் 82 ஆவது பிரிவிலே, மற்ற பொதுச் சட்ட நாடுகளின் நீதிபதிகளை இறுதி நீதிமன்றத்துக்கு அழைக்கலாம் என்று வைத்தார்கள். உலக வியாபாரிகளுக்கு நம்பிக்கை ஊட்ட அந்த ஏற்பாடு. ஓய்வு பெற்ற காலின்ஸ் 2011 இல் அங்கே போனார். 2020 இல் தேசப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022 இல் லண்டன் சுப்ரீம் கோர்ட்டின் தலைவர் பிரபு ரீடும், துணைத் தலைவர் பிரபு ஹாட்ஜும் விலகினார்கள். (நாம் மேலே சொன்ன ஹென்றி ஹாட்ஜ் அல்ல இவர்.) காலின்ஸ் தங்கினார். 2024 மே 30 ஆம் நாள், எதிர்க்கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கத் தமக்குள்ளே வாக்கெடுப்பு நடத்திய குற்றத்துக்காக வழக்கை எதிர்த்து நின்றவர்களிலே பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது ஆங்காங்கு ஐகோர்ட்டு. முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் முப்பத்தொருவர். அவர்களிலே தொழிற்சங்கத்தார் உண்டு, பத்திரிகையாளர் உண்டு, சட்டப் பேராசிரியர் உண்டு. காலின்ஸ் அந்த வழக்கை விசாரித்தவர் அல்ல. ஆனால் ஒரு வாரத்துக்குள் அவர் விலகல் வந்தது.

நீதிமன்றத்தை நம்புகிறேன், அரசியலால் விலகுகிறேன் என்ற அவர் பேச்சைச் சிலர் கோழைத்தனம் என்றார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். கூட அமர்ந்திருந்தவர்களைக் காட்டிக்கொடுக்காமல் கிளம்பிய மனிதராகவே அவரைப் பார்க்கிறோம். ஆனாலும் ஒரு கேள்வி நெஞ்சிலே நிற்கிறது. நான்கு ஆண்டு அந்தச் சட்டம் நடந்தபோதும் அவர் பெயர் அந்தக் கோர்ட்டின் வாசலிலே முத்திரையாக இருந்தது. முத்திரை எடுக்கப்பட்ட நாளிலே உள்ளே இருந்தவர்களுக்கு என்ன பயன் விளைந்தது? அதே ஆண்டு நவம்பரிலே நாற்பத்தைந்து பேருக்கு நான்கு ஆண்டுக்கு மேல், பத்து ஆண்டு வரை தண்டனை விதிக்கப்பட்டது.

ஒரு சிறு செய்தி பாக்கி. ஆங்காங்கிலும் அந்தப் பழைய இரட்டை வருணம் உண்டு. பாரிஸ்டர் வேறு, சொலிசிட்டர் வேறு. காலின்ஸ் அங்கே நீதிபதியாகப் போய் அமர்ந்த 2011 இல், அவர் முன்னே எழுந்து பேச ஆங்காங்குச் சொலிசிட்டர் எவருக்கும் அந்தத் தகுதிச் சீட்டு கிடைத்திருக்கவில்லை. முதல் சிலருக்கு அது கிடைத்தது 2013 இல்.